திருந்தமாட்டான் என்பது யாருக்கு வசதி?

சித்தூர்ப் பக்கம் பல வீடுகளில் அடுப்படிப் பேச்சு தமிழில் நடக்கும், பஞ்சாயத்துப் பேச்சு தெலுங்கில் நடக்கும். வீட்டு மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது வெளியே வந்துவிட்டால் இரண்டு மொழியிலும் தீர்ப்பு ஒன்றுதான். "குக்க தோக்க வங்கர" என்று பெரியவர் ஒருவர் தொடங்குவார். "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று அத்தை முடித்துவைப்பார். இன்னும் மூத்தவர் யாராவது இருந்தால், பிறப்போடு வந்த புத்தி சிதையோடுதான் போகும் என்ற கருத்தில் "புட்டுகதோ வச்சின புத்தி புடகலதோ கானி போது" என்ற தெலுங்குப் பழமொழியும் வந்து விழும். அதோடு பேச்சு தீர்ந்தது. ஒருமுறை துரோகம் செய்தவன் சாகும்வரை அதைத்தான் செய்வான் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு. அதைவிட, இது ஆபத்தானது.

இதனால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் ஆபத்து விளங்கும். ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. அவளுக்குக் கிடைப்பது அனுதாபமும், "தலையெழுத்து" என்ற ஒரு சொல்லும்தான். ஏமாற்றியவனுக்கோ பெரிய விடுதலை கிடைக்கிறது. வால் வளைந்துதான் இருக்கும் என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு அவன் எதற்காக மெனக்கெட வேண்டும்? "என் சுபாவம் அப்படி", "என் ஜாதகத்துல சுக்கிரன் அப்படி" என்று அவனே சொல்லத் தொடங்கிவிடுவான். "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்" என்பதும் "அவன் ஜென்மத்துக்கும் திருந்தமாட்டான்" என்பதும் எதிரெதிர்க் கட்சிகளாகத் தோன்றும். ஒன்று மன்னிக்கிறது, மற்றது சபிக்கிறது. ஆனால் குற்றம் செய்தவனிடம் எதையும் கேட்காமல் விடுவதில் இரண்டும் ஒரே கட்சி.

திருந்தமாட்டான் என்பவர்கள் இப்போது ஆராய்ச்சியையும் துணைக்கு அழைக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேலா நாப்பும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. திருமணமாகாத 484 பேரை, ஒரு உறவிலிருந்து அடுத்த உறவுக்குப் போகும்வரை பின்தொடர்ந்தார்கள். முதல் உறவில் துணையை ஏமாற்றியவர்கள் அடுத்த உறவிலும் ஏமாற்றுவதற்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு வாய்ப்பு உண்டு என்று கண்டார்கள். இந்த "மூன்று மடங்கு" மட்டும் வாட்ஸ்அப் வழியாக ஊர் சுற்றுகிறது. அதே ஆய்வின் இன்னொரு எண்ணை யாரும் அனுப்புவதில்லை. முதல் உறவில் ஏமாற்றியவர்களில் இரண்டாவதிலும் அப்படிச் செய்ததாகச் சொன்னவர்கள் 45 சதவீதம். அப்படியென்றால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதைத் திரும்பச் செய்ததாகச் சொல்லவில்லை. முதல் உறவில் ஒழுங்காக இருந்தவர்களிலோ 18 சதவீதம் பேர் இரண்டாவதில் தடம் புரண்டார்கள்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் நேர்மையாகப் படிக்க வேண்டும். அவரவர் வாயால் சொன்னதைக் கொண்டு செய்த கணக்கு இது. பொய் சொன்னவர்களும் அதில் இருப்பார்கள். அமெரிக்க இளைஞர்களின் கணக்கு, புத்தூரிலோ நகரியிலோ பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்துக்கு அப்படியே பொருந்தாது. ஏமாற்றியவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை என்று அது சொல்வது உண்மை. ஆனால் எச்சரிக்கை தேவை என்பதற்கும் விதி எழுதப்பட்டுவிட்டது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பிறப்போடு வந்து சிதையோடு போகும் குணம் என்றால், 55 சதவீதம் பேரிடம் அது எங்கே போனது? ஒழுங்காக இருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு நடுவழியில் எங்கிருந்து வந்தது?

சித்தூர் மாவட்டத்தில் இந்தப் பொது நம்பிக்கைக்கு இன்னொரு பாதியும் உண்டு. மனிதனால் அவனைத் திருத்த முடியாது, காணிப்பாக்கம் பிள்ளையார் திருத்துவார் என்பது அது.

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், பாஹுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்க சோழன் கட்டியது என்பார்கள். சத்தியத்துக்குப் பேர்போன சன்னிதி. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னால் அவர் சும்மா விடமாட்டார் என்ற நம்பிக்கை ஆந்திரா முழுக்கப் பரவியிருக்கிறது. அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் "காணிப்பாக்கம் வா, பிரமாணம் பண்ணு" என்று சவாலுக்கு அழைப்பது அடிக்கடி செய்தியாகிறது. குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய வருகிறவர்கள் உண்டு. இனிமேல் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லப் புருஷனை மனைவியும் மாமனாருமாகக் கூட்டிவருவதும் உண்டு.

அந்த நம்பிக்கையை இழித்துப் பேச இங்கே இடமில்லை. சத்தியம் செய்கிற நிமிடத்தில் பலரும் மனதாரத்தான் செய்கிறார்கள். முழுகுவதற்கு முன்பே படியில் உட்கார்ந்து உண்மையைக் கக்கிவிடுகிறவர்களைப் பற்றி ஊரில் கதைகதையாகச் சொல்வார்கள். சிக்கல் சத்தியத்தில் இல்லை. சத்தியம் முடிந்த பின் நடப்பதில் இருக்கிறது. குடும்பம் பிரசாதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறது. "பிள்ளையார் முன்னாடியே சொல்லிட்டாரு, இன்னும் என்னத்தைக் கிளறுறே?" என்று மாமியார் மருமகளின் வாயை அடைக்கிறார். அவள் கேட்க நினைத்த கேள்விகள் அத்தனையும் அன்றைக்கே காலாவதியாகின்றன. எத்தனை நாளாக நடந்தது, வீட்டுப் பணம் எவ்வளவு போனது, அடகுக் கடைக்குப் போன வளையல் அதற்காகத்தானா, பிள்ளைகளுக்குத் தெரியுமா? எதற்கும் பதில் இல்லை. பதில் சொல்லாதவன் எதிலிருந்து மாறினான் என்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தலத்தின் புராணத்தையே சரியாகப் படித்தால் போதும். சங்கன், லிகிதன் என்று இரண்டு சகோதரர்கள். தம்பி பசி தாங்காமல் உடையவரைக் கேட்காமல் பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டான். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் இந்தக் கதை வருகிறது. அங்கே லிகிதன் அண்ணன் சொன்னபடி அரசனிடம் போய், தான் எடுத்தது இன்னதென்று சொல்லித் தண்டனை கேட்கிறான். அரசன் மன்னித்துவிடத் தயாராக இருந்தும் அவன் விடவில்லை. கைகள் வெட்டப்பட்டன. அதற்குப் பிறகுதான் ஆற்றில் முழுகினான், கைகள் மீண்டும் முளைத்தன. முதலில் குற்றத்தை உரியவரிடம் சொல்வது, அடுத்து அதன் விலையைக் கொடுப்பது, கடைசியில்தான் நதி. இன்றைய குடும்பங்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்குகின்றன.

சத்தியத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், திருக்காளத்தியைத் தரிசித்த பிறகு திருவொற்றியூர் வருகிறார். காளத்தி என்பது இன்றைய திருப்பதி மாவட்டத்து ஸ்ரீகாளஹஸ்திதான். ஒற்றியூரில் சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்படுகிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்ற நிலை வந்ததும் அவர் போட்ட திட்டம் அசாதாரணமானது. சத்தியம் செய்கிற நேரத்துக்கு மட்டும் சன்னிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொள்கிறார். மீறப்போகிறோம் என்று தெரிந்தே செய்ய நினைத்த சத்தியம் அது. சிவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழமரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லாமல் அங்கே சத்தியம் செய்கிறார் சுந்தரர். வசந்த காலம் வருகிறது, ஆரூர் ஞாபகம் வருகிறது, கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகின்றன.

இதற்குப் பின் சேக்கிழார் சொல்வதில்தான் இந்த விவாதத்துக்குத் தேவையானது இருக்கிறது. கண் ஒரே நாளில் திரும்பவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. காஞ்சியில் ஒரு கண். இன்னொரு கண் திருவாரூரில். அத்தனை தூரமும் தடுமாறித் தடுமாறி நடக்க வேண்டியிருந்தது. ஊர் போய்ச் சேர்ந்ததும் பரவையார் ஓடிவந்து கதவைத் திறக்கவில்லை. ஒற்றியூரில் நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. சிவனே நள்ளிரவில் தூது வந்தும் முதல் தடவை முடியாது என்றார். இரண்டாம் தடவைதான் சம்மதித்தார். தம்பிரான் தோழர் எனப்பட்ட சுந்தரருக்கே இத்தனை படி ஏற வேண்டியிருந்தது என்றால், காணிப்பாக்கம் போய்வந்த மாப்பிள்ளைக்கு மறுநாளே எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

திருந்தமாட்டான் என்கிற அதே வாய்கள் கிருத்திகை தோறும் திருப்புகழ் பாடுகின்றன. அதைப் பாடிய அருணகிரிநாதர் இளமையில் பெண்பித்தில் சொத்தையும் மானத்தையும் தொலைத்தவர், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது வழிவழியாக வரும் வரலாறு. இது நடந்ததா, பாடல்களை வைத்துப் பின்னால் புனைந்ததா என்று அறிஞர்கள் வாதிடலாம். தமிழ் உலகம் அவரைத் திருந்திய மனிதராகவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வணங்குகிறது. 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி மலையில் அவர் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. மக்கள் நினைவில் வைத்திருப்பது கோபுரத்திலிருந்து குதித்ததை. ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் சுமார் 1,300 திருப்புகழ்ப் பாடல்களைப் புரட்டினால் வேறொன்று தெரியும். ஊர் ஊராகப் போய், முருகன் முன்னால் நின்று, அந்த மயக்கத்தில் மறுபடி விழாமல் காப்பாற்று என்ற அதே விண்ணப்பத்தை அவர் திரும்பத் திரும்ப வைக்கிறார். குதித்தது ஒரு நாள். விழிப்பாக இருந்தது வாழ்நாள் முழுக்க. இனிமேல் எனக்கு ஆபத்தில்லை என்று அவர் ஒருபோதும் நினைத்ததாகத் தெரியவில்லை. திருந்துவது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி தமிழில் கிடையாது.

சாதாரணக் குடும்பத்தில் அது எப்படி இருக்கும்? அதில் பெரிய வீரம் எதுவும் இல்லை, பார்க்கச் சலிப்பாகவே இருக்கும். திருப்பதியில் டாக்சி ஓட்டுகிறவர் என்றால், ராத்திரி ரேணிகுண்டா ஸ்டேஷனில் சவாரி இறக்கியதும் கேட்காமலே ஒரு போன். கைப்பேசிக்குப் பூட்டு கிடையாது. குளிக்கப் போகும்போது அது மேஜை மேல் திரை தெரியக் கிடக்கும். போன்பே கணக்கை மனைவி எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பெண் வேலை செய்யும் இடத்தைத் தாண்டிப் போகிற சவாரியை இன்னொரு டிரைவருக்கு மாற்றிக் கொடுப்பார், அன்றைக்கு முந்நூறு ரூபாய் போனாலும் சரி. மனைவி எட்டு மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, திடீரென்று கண் கலங்கி, "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் நீங்க அங்கதானே இருந்தீங்க?" என்று கேட்டால், "திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?" என்று எரிந்து விழாமல், "ஆமா, அங்கதான் இருந்தேன்" என்று பதில் சொல்வார். அந்த ஒரு பதிலுக்கு நூறு சத்தியம் ஈடாகாது.

உண்மையைச் சொல்வதற்கும் உறவு பிழைப்பதற்கும் உள்ள தொடர்பை ஓரளவு காட்டும் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆலோசனை பெற்ற 134 தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். துரோகமே நடக்காத தம்பதிகளில் 23 சதவீதம் பேர் அதற்குள் விவாகரத்து செய்திருந்தார்கள். துரோகம் நடந்து, அதை வெளிப்படையாகச் சொல்லிப் பேசியவர்களில் 43 சதவீதம். நடந்ததைக் கடைசிவரை ஒளித்தவர்களில் 80 சதவீதம். துரோகம் நடந்த தம்பதிகள் மொத்தமே 19 ஜோடிதான் என்பதால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும், வெளிப்படையாகப் பேசிவிட்டுச் சேர்ந்தே இருந்தவர்களின் மணவாழ்வு, துரோகத்தைப் பார்க்காத தம்பதிகளின் மணவாழ்வுக்குச் சமமான நிறைவோடு இருந்தது என்ற செய்தி, நாய் வால் கட்சிக்காரர்கள் பதில் சொல்ல வேண்டிய செய்தி.

"எதுக்குக் கிளறணும்?" என்று கேட்பவர்கள் திருமலைக்கே போய்ப் பார்க்கலாம். வைகுண்ட ஏகாதசி முடிந்து ஆறாம் நாள் அங்கே பிரணய கலக உற்சவம் நடக்கும். மலையப்ப சுவாமி ஒரு பல்லக்கில், ஸ்ரீதேவியும் பூதேவியும் எதிர்த்திசையிலிருந்து வேறு பல்லக்குகளில் வருவார்கள். நாச்சியார் பக்கத்திலிருந்து பூப்பந்துகள் சுவாமியை நோக்கி வீசப்படும். ஊடல் கொண்ட நாச்சியாரின் குரலாக ஆழ்வார் பாசுரங்கள் ஏசலாக ஓதப்படும். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று நடக்கும் மட்டையடி இன்னும் காரமானது. உறையூர் நாச்சியாரிடம் போய்த் திரும்பிய நம்பெருமாளுக்குத் தாயார் கதவைச் சாத்திவிடுவார். பெருமாள் தரப்பில் சாக்குகள் சொல்லப்படும், சத்தியம் செய்யவும் தயார் என்று சொல்லப்படும். தாயார் எதையும் ஏற்கமாட்டார். நம்மாழ்வார் நடுவே வந்து சமாதானம் பேசிய பிறகே உள்ளே அனுமதி. பக்தர்களுக்கு இது லீலை. ஆனால் இந்த லீலையை ஆண்டுதோறும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சமூகம், தன் வீட்டுப் பெண் அதே கேள்வியைக் கேட்டால் வாயாடி என்கிறது.

இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போகக் கூடாது. "திருந்துவான், பொறுத்துப் போ" என்ற சொல்லே எத்தனையோ பெண்களின் வாழ்க்கையைத் தின்றிருக்கிறது. அடி வாங்கிக்கொண்டும், நோய் வாங்கிக்கொண்டும், சீட்டுப் பணத்தை இழந்தும், இன்று திருந்துவான் நாளை திருந்துவான் என்று காத்திருந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதைவிட, திருந்தவே மாட்டான் என்று முதலிலேயே சொல்லி அவளை வெளியே கொண்டுவருவது நல்லதில்லையா என்று கேட்பவர்களின் அக்கறை உண்மையானது.

ஆனால் அவள் வெளியேறுவதற்கு அவன் திருந்தாதவனாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? இங்கேதான் இரண்டு தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். அவன் மாறலாம். அவள் போகலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். அவன் உண்மையாகவே மாறிவிட்டான் என்பது, அவள் அவனோடு வாழக் கடமைப்பட்டவள் என்று ஆகாது. திருந்துவதற்குப் பரிசாக மனைவியைத் திருப்பிக் கேட்கிறவன் இன்னும் பேரம்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

சட்டம் இதை ஊரைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. 1976இல் இந்து திருமணச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, விவாகரத்துக்குத் துணையின் தொடர் துரோகத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்தத் தவறை ஒருவர் மன்னித்து ஏற்றுக்கொண்டுவிட்டால் அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாது என்கிறது. அந்த மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை 1975இல் தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மறுபடி தவறு செய்யமாட்டார் என்பதே அந்த நிபந்தனை. அது உடைந்தால் பழைய குற்றமும் உயிர்பெறும். மாற முடியும் என்று சட்டம் நம்புகிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. 2018 செப்டம்பர் 27 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, இனிக் கட்டுப்பாடே இருக்காது என்று பலர் பதறினார்கள். 1860இல் வந்த அந்தப் பிரிவின்படி, ஏமாற்றும் கணவன்மீது மனைவி புகார் கொடுக்கவே முடியாது. பிறன் மனைவியோடு உறவு கொண்ட ஆணை மட்டும் தண்டித்த சட்டம், அவளுடைய கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை என்றது. மனைவியின் புகாருக்குப் பயந்து எந்தக் கணவனும் அதனால் திருந்தியிருக்க வழியில்லை.

தவறியவள் மனைவியாக இருந்தால் "திருந்துவாளா?" என்று கேட்கக்கூட ஆள் இருப்பதில்லை. புருஷனுக்குக் காணிப்பாக்கக் குளம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக்கு பஸ், சில சமயம் அதைவிடக் கொடுமை. மனிதர் மாற முடியும் என்று நம்புகிறவர் இதை ஆணுக்கு மட்டும் சலுகையாகக் கொடுக்க முடியாது. பஞ்சாயத்தில் உட்காருகிற பெத்த மனுஷர்கள் இதில் இரண்டு படி வைத்து அளப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

அவர்கள் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. குடும்பநல நீதிமன்றங்களுக்கு வழிகாட்டும் 1984ஆம் ஆண்டுச் சட்டம், வழக்கை விசாரிப்பதற்கு முன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்பே திண்ணையில் சமரசம் பேசுகிறவர்கள், தேங்காய் உடைத்துச் சத்தியம் வாங்குவதோடு கலைந்துவிடாமல், ஆறு மாதம் கழித்து ஒரு தேதி குறிக்கட்டும். அந்தத் தேதிக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பணம், மீட்க வேண்டிய நகை, அறுக்க வேண்டிய தொடர்பு எது எது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். குறித்த நாளில் கூடும்போது அவனிடம் பேசுவதற்கு முன் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்கட்டும், மாமியாரும் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல். காகிதத்தில் உள்ளதையெல்லாம் அவன் நிறைவேற்றியிருந்தும் அவள் "எனக்கு முடியலை" என்று சொன்னால், அதே திண்ணையில், அன்றைக்கே, ஜீவனாம்சத்தையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டியதுதான்.